பாயோடு ஒட்டியவர் எழுதாத ஏடு

மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்றொரு சொல் ஈழமெங்கும் வழங்குகிறது. பிற ஊரார் அதனைச் சொல்லிச் சிரிப்பர். நம்மவரிற் சிலர் அது நம் விருந்தோம்பலின் பெருமை என விளக்கி மகிழ்வர். உண்மையாகவே பாயோடு ஒட்டிக் கிடந்த மனிதரைப் பற்றி எவரும் வினவுவதில்லை. வாவியிலே தோணி வலித்தவர் கால் மரத்து வீழ்ந்தார். படுவான்கரை வயலிலே கதிர் அறுத்தவர் கண் மங்கி நின்றார். செய்வினை என்றோம், கழிப்புக் கழித்தோம், விதி என்று முடித்தோம். அவர்களைப் பற்றி ஒரு வரி எழுத்துத்தானும் நம்மிடம் இல்லை.

இங்கிலாந்திலே நிகழ்ந்ததைப் பாருங்கள். மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் பேரர் ஒகஸ்ரஸ் டெஸ்தே. 1822 டிசம்பரில், தம் 28ஆம் வயதில், உறவினர் ஒருவரின் மரணச்சடங்கை அடுத்து அவர் பார்வை மங்கிற்று. பின்னர் தானே தெளிந்தது. 1827 இல் புளோரன்ஸ் நகரிலே பொருள்கள் இரண்டிரண்டாய்த் தோன்றின, கால்களும் வலுவிழந்தன. வைத்தியர் அட்டை விட்டனர். இறைச்சியும் மதுவும் விதித்தனர். 1848 இல் இறந்த அவர், நோயின் ஏற்ற இறக்கங்களையெல்லாம் நாட்குறிப்பிலே பதிந்து சென்றார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்ரிபிள் ஸ்கிளெரோசிஸ் அது. பாரிஸில் சார்க்கோ அதனை வரையறுத்தது 1868 இலேயே. டெஸ்தேயின் கதை 1948 இல் நூலாய் வந்தபோது, பெயர் பெறுமுன்பே அந்நோய் மனிதரை வாட்டிய வரலாறு தெரிந்தது.

நாட்குறிப்புச் சுகவாசிகளின் பொழுதுபோக்கு, அதனாற் சமூகத்துக்கு யாது பயன் என நம் முற்போக்கு நண்பர் சிலர் கேட்கின்றனர். மன்னனின் பேரருக்குத் தாளும் ஓய்வும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் குற்றம் ஏட்டினதன்று. அதனை ஒரு வகுப்பாரின் உடைமையாக்கிய அமைப்பினது. புரூஸ் கமிங்ஸ் ஒரு பத்திரிகையாளரின் மகன். தாமே கற்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலே வேலை பெற்றவர். 1915 இல், படைச் சேர்ப்புக்காக வைத்தியர் ஒட்டிக் கொடுத்த கடிதத்தைப் பிரித்தபோதுதான், பிறர் மறைத்த தம் நோயை அறிந்தார். பார்பெலியன் என்ற புனைபெயரில் அவர் நாட்குறிப்பு 1919 இல் வெளிவந்தது. அவ்வாண்டே, 30 வயதில், இறந்தார். அரச குடும்பத்து ஏடு நோயைக் காட்டிற்று. இவரது ஏடு, நோயாளியிடமே உண்மையை மறைக்கும் வழக்கத்தையும் காட்டிற்று.

வெப்ப நாடுகளிலே இந்நோய் குறைவென்பது உண்மை. குறைவென்பது இல்லையென்பதாகாது. 1993 முதல் இதன் வேகத்தைத் தணிக்கும் மருந்துகள் வந்துள்ளன. ஆனால் கண்டறியப்படாதவருக்கு எந்த மருந்தும் இல்லை. எழுதப்படாத நோயை எண்ணுவதுதான் எவ்வாறு?

1945 இல் இலவசக் கல்வி வந்தது. மீனவர் பிள்ளையும் பேனா பிடித்தது. அப்பேனாவைப் பரீட்சை விடைத்தாளோடு நிறுத்திவைத்தோர் ஆசிரியராகிய நாமே. இனியேனும் மாணவரிடம் சொல்வோம்: பாட்டனாரின் கால் எந்த மாதம் மரத்தது, எப்போது தெளிந்தது, மீண்டும் எப்போது தளர்ந்தது என்று எழுதுங்கள். நாளை வரும் வைத்தியருக்கு அது சான்று. விதி என்போருக்கு அதுவே மறுமொழி.