துண்டு போட்டு இடம் பிடிக்கும் முகவரிகள்

இரவு இரண்டே கால் மணிக்கு போன். "அண்ணே, எடைமேடையில சீட்டு வரல. பில்லும் அடிக்கல. வண்டியெல்லாம் கேட்டைத் தாண்டி ரோட்டுல நிக்குது" என்றார் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் நைட் ஷிப்ட் எலக்ட்ரீஷியன். சோழவரத்திலிருந்து ஜி.என்.டி. சாலையில் பைக்கை விரட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினெட்டு லாரிகள் நின்றன.

நெட்வொர்க் ஸ்விட்சில் எல்லா விளக்கும் பச்சை. கரண்ட் சரி, கேபிள் சரி. லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால் ப்ராசஸர் 99 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தது. லாக்கில் ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடியது: ரூட்டை எழுத இடமில்லை. ஒரு முகவரித் தொகுதிக்கு எந்தப் பக்கம் போவது என்று சொல்லும் வரிதான் ரூட்.

காரணம் முந்தைய நாள் சாயங்காலம் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து புது லைன் கொடுத்திருந்தார்கள். அந்த நிறுவனத்துக்குக் கிடங்கும் கிளையுமாக முந்நூறு இடங்கள். ஒவ்வொன்றிலும் கேமராவுக்கு ஒரு முகவரித் தொகுதி, பில்லிங்குக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என ஏழெட்டு. அத்தனையும் தனித்தனி ரூட்டாக இங்கே வந்து இறங்கிவிட்டன. எண்ணிப் பார்த்தேன், 2,300-ஐத் தாண்டியது. அந்த ஸ்விட்சை வாங்கிய நிலையிலேயே, அமைப்பை மாற்றாமல் வைத்திருந்தார்கள். அப்படி வைத்தால் வெளி ரூட்டுகளுக்கு அதில் இருப்பது 2,000 இடம்.

மீதி 300 ரூட்டுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். ஸ்விட்சில் ரூட்டுகளை வைத்திருப்பது நம் கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண மெமரியில் அல்ல. டிகேம் என்று தனி ரகம். ஒரு பாக்கெட் வந்ததும் பட்டியலின் எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் ஒப்பிட்டு, இந்தப் பக்கம் போ என்று சொல்லிவிடும். பூஜ்யம், ஒன்று என்பதோடு, 'எதுவாக இருந்தாலும் சரி' என்ற மூன்றாவது நிலையையும் ஒவ்வொரு இடத்திலும் வைத்துக்கொள்ளும். அந்த வேகத்துக்கு விலை அதிகம், மின்சாரம் அதிகம், சூடும் அதிகம். அதனால் அளந்துதான் வைக்கிறார்கள். கடையில் ஒரு சில்லு வாங்கிவந்து அதைக் கூட்ட முடியாது. அதில் ஏறாத ரூட்டுக்கான பாக்கெட்டெல்லாம் ப்ராசஸரின் தலையில் விழும். அந்தச் சின்ன ப்ராசஸர் ஸ்விட்சைக் கண்காணிக்க வைத்தது. போக்குவரத்தைச் சுமக்க வைத்தது அல்ல.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து வெளியே போக ஒரே வாசல்தான், தலைமை அலுவலக லைன். அப்படியானால் 2,300 வரியும் சொல்வது ஒன்றையேதான்: அந்தப் பக்கம் போ. இதைச் சொல்ல ஒரு டீஃபால்ட் ரூட் போதும். மற்றதையெல்லாம் உள்ளே விடாமல் வடிகட்டினேன். மூன்று நாற்பதுக்கு முதல் பில் அடித்தது.

மறுநாள் மேலாளர் என்னிடம் நீட்டியது பெரிய ஸ்விட்சுக்கான கொட்டேஷன். நான் இதை எழுதுவதே அதனால்தான். நம் பகுதியில் நெட்வொர்க் திணறினாலே புதுப் பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். நோய் பெட்டியில் இல்லை, முகவரி கொடுத்த விதத்தில் இருக்கிறது.

தபால்துறை இதை 1972-லேயே சரியாகச் செய்தது. கும்மிடிப்பூண்டியின் பின்கோடு 601201. டெல்லியில் கடிதம் பிரிப்பவருக்குக் கும்மிடிப்பூண்டி எங்கே என்று தெரிய வேண்டாம். முதல் எண் 6, தெற்கே போகும் பையில் போட்டால் போதும். அடுத்தடுத்த எண்களை அந்தந்த ஊர் பார்த்துக்கொள்ளும். பின்கோடுகளை ஊருக்கு ஊர் சீட்டுக் குலுக்கிக் கொடுத்திருந்தால், டெல்லிக்காரர் நாட்டின் எல்லாத் தபால் நிலையங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். அந்த முந்நூறு கிளைகளுக்கும் சீட்டுக் குலுக்கியேதான் முகவரி கொடுத்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிளைகளுக்கு ஒரு தொகுதி, ஆந்திரத்துக்கு அடுத்தது என்று வரிசையாகக் கொடுத்திருந்தால் இருபது முப்பது வரியில் முடிந்திருக்கும்.

உலக இணையத்தின் ரூட் பட்டியலும் இப்படி வீங்கும் என்று பயந்துதான் 1993-ல் முகவரிகளைச் சேர்த்துக் கட்டும் சிடர் முறையையே கொண்டுவந்தார்கள். அப்படியும் 2014 ஆகஸ்ட் 12 அன்று பல நாடுகளில் இணையம் தடுமாறியது. சிஸ்கோ நிறுவனத்தின் பழைய 6500, 7600 ரகப் பெட்டிகளில் வழக்கமாக ஐபிவி4 ரூட்டுகளுக்கு ஒதுக்கியிருந்த இடம் 512 கே, அதாவது ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். உலகப் பட்டியல் அந்த எல்லையை நெருங்கியிருந்த வேளையில் அமெரிக்காவின் வெரிசான் நிறுவனத்திடமிருந்து சுமார் 15,000 துண்டு ரூட்டுகள் கொஞ்ச நேரம் கூடுதலாக வெளியே வந்தன. அவ்வளவுதான், பல ரவுட்டர்கள் நிரம்பிவிட்டன. ஒதுக்கீட்டை மாற்றச் சொல்லி சிஸ்கோ சில மாதங்கள் முன்பே எச்சரித்திருந்தது. கேட்டவர்கள் தப்பித்தார்கள். இன்று அந்தப் பட்டியல் பத்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அதில் ஏறக்குறைய பாதி, ஏற்கெனவே உள்ள ஒரு பெரிய தொகுதிக்குள் அடங்கும் துண்டுகள்.

நம் பக்கத்துச் சின்ன இணைய நிறுவனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொன்னேரி, செங்குன்றம், சோழவரம் என்று கேபிள் டிவி நடத்தியவர்கள் பலர் இன்று ஃபைபர் கொடுக்கிறார்கள். அவர்கள் உழைப்பில்தான் நம் வீடுகளுக்கு இணையம் வந்தது. ஆனால் கையில் உள்ள 1,024 முகவரிகளை ஒரே தொகுதியாக அறிவிக்காமல் 256, 256 என நான்காக அறிவிக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. பஸ்சில் ஒரு ஆள் நான்கு சீட்டில் துண்டு போடுவதற்குச் சமம் அது. சோழவரத்தில் போடும் துண்டு சிங்கப்பூரிலும் பிராங்க்பர்ட்டிலும் யாருக்கோ இடத்தை அடைக்கிறது. இரண்டு லைன் வைத்திருப்பவர் சுமையைப் பிரிக்கவோ, தாக்குதல் வரும்போது தற்காத்துக்கொள்ளவோ துண்டாக்குவது நியாயம். 'கான்ஃபிக் அப்படித்தான் காப்பி பண்ணினோம்' என்பது நியாயம் இல்லை.

தொழிற்சாலைக்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். ஷெட் போடும் முன் கட்டட பிளான் வரைகிறீர்கள் அல்லவா, அப்போதே முகவரி பிளானும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். புது லைன் எடுக்கும்போது எத்தனை ரூட் வரும் என்று கேளுங்கள். வரம்பு வைத்து, முக்கால் பங்கு நிரம்பியதும் எச்சரிக்கை வரும்படி செய்யச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை. நம் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு கேபிள் கிரிம்ப் பண்ணச் சொல்லித்தரும் அன்றே, அந்தத் தாளை எழுதவும் சொல்லித்தர வேண்டும்.

அந்த மேலாளர் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பினார். கிளைகளின் முகவரிகளை வரிசைப்படுத்த தலைமை அலுவலகத்துக்கு ஐந்து மாதம் பிடித்தது. பிறகு இங்கே இரண்டாவது லைனும் வந்தது, டீஃபால்ட் ரூட்டோடு தொகுதி ரூட்டுகளும் உள்ளே வந்தன. போன வாரம் அதே ஸ்விட்சில் பார்த்தேன், மொத்தம் 41 வரி.