ஒரே ஊர், இரண்டு பேருக்கும் சொந்தம்: போஸ்னியாவின் பிர்ச்கோ சண்டை அடங்கியது எப்படி?

போஸ்னியாவின் செர்பியப் பகுதியான 'ரிபப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா' தனி நாடாகப் பிரியும் என்று பல ஆண்டுகளாக மிரட்டி வந்தவர் மிலோராட் டோடிக். 2025-ல் நீதிமன்றத் தீர்ப்பால் அதன் அதிபர் பதவியை இழந்தார். பிரிவினைப் பேச்சு கிளம்பும்போதெல்லாம் ஒரு சின்ன ஊரின் பெயரும் கூடவே வரும்: பிர்ச்கோ. மேப்பை எடுத்துப் பாருங்க, காரணம் உடனே புரியும். ஸ்ர்ப்ஸ்கா இரண்டு துண்டாகக் கிடக்கிறது. நடுவில் இருப்பது இந்த ஊர்தான்.

ஏன் இவ்வளவு சண்டை?

1991 கணக்கெடுப்பில் பிர்ச்கோ வட்டாரத்தில் முஸ்லிம்கள் 44%, குரோஷியர் 25%, செர்பியர் 21%. 1992 ஏப்ரல் 30 அன்று சாவா ஆற்றின் மேல் இருந்த பாலங்கள் தகர்க்கப்பட்டன. செர்பியப் படை நகரைப் பிடித்தது. முஸ்லிம்களும் குரோஷியரும் கொல்லப்பட்டனர், விரட்டப்பட்டனர். செர்பியருக்கு இது கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஒரே வழி. எதிர்த் தரப்புக்கோ, பறிகொடுத்த சொந்த வீடு.

1995-ல் டேட்டன் அமைதிப் பேச்சில் எல்லாம் முடிந்தும் இது மட்டும் முடியவில்லை. கடைசியில், 'நடுவர் மன்றம் பார்த்துக்கொள்ளட்டும்' என்று தள்ளிவிட்டார்கள். ஒரு வருஷத்தில் வர வேண்டிய இறுதித் தீர்ப்பு 1999 மார்ச்சில்தான் வந்தது.

தீர்ப்பு என்ன சொன்னது?

ஊரைப் பாதியாக வெட்டவில்லை. முழு ஊரும் இரண்டு தரப்புக்கும் ஒரே நேரத்தில் சொந்தம், ஆனால் ஆளும் உரிமை இருவருக்குமே கிடையாது! 2000-ல் பிர்ச்கோ தனி மாவட்டமானது. தனி சட்டமன்றம், மூன்று இனத்தவரும் சேர்ந்த ஒரே போலீஸ், ராணுவம் இல்லாத பகுதி. மேலே ஓர் அமெரிக்க மேற்பார்வையாளர். அவர் போடும் உத்தரவுதான் சட்டம்.

உண்மையான கிடுக்கிப்பிடி வேறு இடத்தில் இருக்கிறது. நடுவர் மன்றம் தன்னைக் கலைத்துக்கொள்ளவில்லை. ஒரு தரப்பு தீர்ப்பை மீறினால், ஊரை மற்றவருக்குக் கொடுத்துவிடலாம் என்ற அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டது. அதனால் முரண்டு பிடித்தால் நஷ்டம் தனக்குத்தான் என்பது இரண்டு பக்கமும் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?

இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. 2000-ல் மாணவர்களே தெருவில் இறங்கி, தனித்தனிப் பள்ளி கேட்டுப் போராடினார்கள். மேற்பார்வையாளர் இறங்கிவரவில்லை. 2001-ல் பொதுப் பாடத்திட்டம் வந்தது. மூன்று இனப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். லத்தீன், சிரிலிக் இரண்டு எழுத்தும் செல்லும். போஸ்னியாவின் வேறு சில ஊர்களிலோ, ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள் என்ற கூத்து இன்னும் நடக்கிறது.

அப்போ இது வெற்றிக் கதையா?

பாதி. ஊர் மக்கள் பேசி எட்டிய சமரசம் இல்லை இது. வெளியார் கொண்டுவந்து திணித்தது. 2013 கணக்கெடுப்பில் போஸ்னியாக்கள் சுமார் 42%, செர்பியர் 35%, குரோஷியர் 21%. அதாவது மூன்று பேரும் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். மற்ற பல ஊர்கள் போருக்குப் பிறகு ஏறக்குறைய ஒரே இன ஊர்களாகிவிட்டதைப் பார்த்தால் இது சாதாரண விஷயம் இல்லை.

2012-ல் மேற்பார்வை 'நிறுத்திவைக்கப்பட்டது'. கவனிக்க, ரத்து செய்யப்படவில்லை. ஸ்ர்ப்ஸ்கா நிஜமாகவே பிரியக் கிளம்பினால், அதன் முதல் தடை இந்த மாவட்டத்தின் எல்லைப் பலகையாகத்தான் இருக்கும்.