செக்ரோலில் இல்லாத பெயர்

வானொலியில் 'தோட்டத்து நினைவுகள்' என்று தலைப்பு வைத்தால் போதும், தொலைபேசி ஓயாது. கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், அந்தப் பக்கம் கெர்லிங், களும்பாங் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தும் வரும். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் அங்கே வளர்ந்த பலருக்கு இன்னும் அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை.

ஐம்பதைத் தாண்டிய நேயர்கள் பேசினால் ஒரு விஷயம் தவறாமல் வரும். ஏழெட்டு வயதிலேயே விடியற்காலை அம்மாவோடு மரத்துக்குப் போனது. ஒட்டுப்பால் உருவியது, மங்கு துடைத்தது, கொசுக்கடி, பிறகு ஓடி வந்து குளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனது. பெருமையாகத்தான் சொல்வார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்னம்மா தெரியும்?" என்று முடிப்பார்கள். யாரும் அதைக் குழந்தைத் தொழில் என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் கண்ணுக்கு வருவது சிவகாசித் தீப்பெட்டி ஆலை, அல்லது வட இந்தியக் கம்பளத் தறி. அம்மாவுக்கு ஒத்தாசை செய்வது எப்படித் தொழிலாகும்?

ஆனால் உலகக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2025 ஜூனில் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 13 கோடியே 80 லட்சம் பிள்ளைகள் இன்னும் வேலை செய்கிறார்கள். அவர்களில் 61 விழுக்காட்டினர் விவசாயத்தில். அதிலும் பெரும்பாலோர் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்லர். தாய் தகப்பனோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள். அதாவது, நம் நேயர்கள் சொல்லும் அதே ஒத்தாசை.

நம் தோட்டங்களில் இது எப்படி நடந்தது என்று பார்த்தால் ஒன்று புரியும். ஆங்கிலேயர் காலத்தில் பிள்ளைகளின் வேலையை யாரும் மறைக்கவில்லை. இந்தியக் குடியேற்றக் குழு நிர்ணயித்த கூலியில் 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத் தனி விகிதம். பெரட்டில் அவர்களும் நின்றார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது உண்மைதான். பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். பள்ளி ஒரு கொட்டகை. வேலை முடிந்த பிறகு நேரம் இருந்தால் பாடம்.

பிறகு சட்டங்கள் இறுகின. பிள்ளைகளின் பெயர் செக்ரோலிலிருந்து போயிற்று. ஆனால் கைகள் போகவில்லை. ஏன்?

கூலிக் கணக்குதான் காரணம். பால்மரத்தில் எடைக்குக் காசு. ஒருவருக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். வெயில் ஏறினால் பால் ஓடாது, மழை வந்தால் அன்றைக்கு வேலையே இல்லை. நேரத்தோடு போட்டி போடும் அம்மாவுக்கு, முன்னால் போய் ஒட்டுப்பால் உருவித் தர இன்னொரு கை இருந்தால் இன்னும் ஐம்பது மரம் வெட்டலாம். நிர்வாகம் பிள்ளையை வேலைக்கு வா என்று சொல்லவே இல்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. குத்தகை முறை வந்த தோட்டங்களில் இது இன்னும் மோசம்: பெயர் அப்பாவுடையது, வேலை குடும்பத்துடையது.

நம் சட்டத்தையும் பாருங்கள். பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டம் 1966இல் வந்தது. இரவு எட்டு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் இடையில் சிறுவர் வேலை செய்யக் கூடாது, பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஏழு மணியைத் தாண்டக் கூடாது என்று அது சொல்கிறது. மரம் வெட்டுவதே ஏழு மணிக்கு முன்புதான்! சட்டப்படி பார்த்தால் நம் நேயர்களின் இனிய நினைவுகள் அனைத்தும் தடை செய்யப்பட்ட நேரத்தில் நடந்தவை. ஆனால் வேலைக்கு வைத்தவர் என்று காட்ட அங்கே ஆளில்லை.

இந்த முடிச்சை நம்மவர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்நின்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் செத்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே பட்டியலில் சம்பளச் சமத்துவமும், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும் சேர்ந்தே இருந்தன. பெற்றவர்களின் கூலியும் பிள்ளையின் படிப்பும் ஒரே கேள்வி என்று பள்ளிக்கே போகாத அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உலக இயக்கம் இதற்கெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் வந்தது. கைலாஷ் சத்யார்த்தி முன்னெடுத்த உலக நடைப்பயணம் 1998 ஜனவரியில் மணிலாவில் தொடங்கி ஜூனில் ஜெனீவா போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே குழந்தைத் தொழிலின் மிக மோசமான வடிவங்களைத் தடுக்கும் 182ஆம் உடன்படிக்கை நிறைவேறியது. மலேசியா 2000இல் ஏற்றுக்கொண்டது. 2020இல், அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் எல்லா உறுப்பு நாடுகளும் ஏற்ற முதல் உடன்படிக்கை என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது. நல்ல வேலை. ஆனால் அடிமையாக்குவது, கடத்துவது, ஆபத்தான வேலையில் தள்ளுவது போன்றவைதான் அதன் குறி. அம்மாவின் கூலிக் கணக்கு அதில் வராது.

இன்று கோல சிலாங்கூர்ப் பக்கம் போனால் பால்மரம் அரிது. எங்கும் செம்பனை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி தோட்டங்களின் பழைய தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் போராடியதைப் படித்திருப்பீர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், இந்தப் பக்கத்தை ஷா ஆலாமிலோ ராவாங்கிலோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம்.

தோட்டத்து வேலையை இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். செம்பனையிலும் பல இடங்களில் கூலி வெட்டிய அளவுக்குத்தான். குலையிலிருந்து விழும் உதிரிப் பழத்தில் எண்ணெய் அதிகம், ஆலைக்கு அது வேண்டும். ஒவ்வொன்றாகக் குனிந்து பொறுக்கும் வேலைக்குச் சின்னக் கைகள் தோதானவை. நம் அரசாங்கமே 2018இல் நடத்திய ஆய்வு, செம்பனைத் துறையில் 33,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் வேலை செய்வதாகக் கண்டது. பெரும்பாலோர் சபா, சரவாக்கில். இந்தோனேசிய, பிலிப்பீன்ஸ் குடும்பங்களின் பிள்ளைகள்.

குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி இப்போது 1,700க்கு வந்திருக்கிறது. அளவுக் கூலி வாங்குகிறவர்களுக்கும் அது பொருந்தும். காகிதத்தில் பொருந்துவது சம்பள நாளிலும் பொருந்துகிறதா என்பதைத்தான், என்னைக் கேட்டால், குழந்தைத் தொழிலைத் தேடி வரும் ஒவ்வொரு அதிகாரியும் முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை எங்கே என்று தேடுவது அதற்குப் பிறகு. ஆய்வு நாளில் பிள்ளையைக் காட்டிலிருந்து அனுப்பிவிடுவது சுலபம். அப்பாவின் சம்பளச் சீட்டை அப்படி அனுப்ப முடியாது.

அனுப்பப்பட்ட பிள்ளை எங்கே போகும்? சபாவில் இந்தோனேசியப் பிள்ளைகளுக்கென்று சில தோட்டங்களில் கற்றல் மையங்கள் நடக்கின்றன. இந்தப் பக்கம் நம் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது, ஆண்டுதோறும் பிள்ளை சேர்க்க வீடு வீடாகப் போகிறார்கள். பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில் ஆவணம் இல்லாத பிள்ளை ஒன்று இருந்தால், அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஆசிரியருக்கு வழியில்லை.