ரெண்டு வாய், ஒரே தொண்டை

பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்கூபா டைவிங் எதுக்குன்னு கேக்காதீங்க மக்களே, இதுவும் ரிஸ்க் கணக்குதான். "என்னோடது குளிர்நீர் ரெகுலேட்டர், உபரிக்கு ஆக்டோபஸும் தொங்குது, போதும்"னு சொல்ற கோஷ்டியோடதான் இன்னிக்குச் சண்டை.

ஐஸ்லாந்து சில்ஃப்ராவுல வருஷம் முழுக்கத் தண்ணி 2லேர்ந்து 4 டிகிரிதான். சிலிண்டர்ல 200 பார்ல இருக்குற காத்து, அதுல மாட்டுற ஃபர்ஸ்ட் ஸ்டேஜுல சட்டுனு 10 பார் பக்கம் இறங்கும்போது இன்னும் சில்லிட்டுப் போகும். ஐஸ் பிடிச்சு உள்ளே திறந்தபடி மாட்டிக்கிட்டா, காத்து நிக்காமக் கொட்டும். 12 லிட்டர் சிலிண்டர் நிமிஷக் கணக்குல காலி. ஆக்டோபஸ் காப்பாத்துமா? அதுவும் அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜுலதானே தொங்குது! சிலிண்டரை மூடினா ரெண்டும் போச்சு. ஐரோப்பிய ஈஎன் 250 தரத்துல 10 டிகிரிக்குக் கீழேன்னா தனிச் சோதனை உண்டு, சரி. அது உறையுற வாய்ப்பைத்தான் குறைக்கும். உறைஞ்ச பிறகு?

ஹெச் வால்வோ ஒய் வால்வோ போடுங்க சாமி. ஒரே சிலிண்டர், தனித்தனியா மூடுற ரெண்டு குமிழ், ரெண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். கொட்டுறதை மூடிட்டு, மத்ததுல மூச்சு விட்டபடி மேலே வரலாம். ட்ரைசூட் குழாய் ஒண்ணுல, ஜாக்கெட் குழாய் இன்னொண்ணுல. (காத்து இருப்பு என்னவோ ஒண்ணுதான். ஆழமாப் போறவங்களுக்குத் தனிச் சிலிண்டரே வேணும்.)

"செலவு எகிறுதே"ங்கறாங்க. ஐஸ்லாந்துக்கு ஃப்ளைட் டிக்கெட் போட்டப்போ இந்தக் கணக்கு எங்கே போச்சாம்? வாங்கறதுக்கு முன்னாடி, தடிக் கையுறையோட கை பின்னால குமிழ் வரைக்கும் எட்டுதான்னு மட்டும் பாருங்க. எட்டலைன்னா சிலிண்டரைக் கொஞ்சம் மேலே ஏத்திக் கட்டுங்க.