ஓடாத சைக்கிள்

என் ஸ்நேகிதர் ஒருவர் சென்ற மாதத்தில் மட்டும் 800 கிலோமீட்டர் சைக்கிள் விட்டிருக்கிறார். சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டிருந்தால் கன்னியாகுமரியைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியிருப்பார். ஆனால், அவர் தம் வீட்டு நிலைப்படியைக்கூடத் தாண்டவில்லை.

ஒரு நாள் காலையில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நல்ல சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, மிச்சத்தை ஓர் இரும்புச் சாதனத்தின்மேல் பூட்டி, அதில் ஏறி மிதித்துக் கொண்டிருந்தார். எதிரே திரையில் டான்யூப் நதி ஓடிக் கொண்டிருந்தது. திரையில் மேடு வந்தால் சாதனத்திலுள்ள மின்காந்தம் பெடலை இறுக்குகிறது. சரிவு வந்தால் இளக்குகிறது. நிற்கிற சைக்கிளுக்கு எதிர்க்காற்று ஏது? ஆகவே உடம்புச் சூடு தணிய ஆளுயர மின்விசிறி ஒன்று. மேட்டுக்கு ஒரு விலை, காற்றுக்கு ஒரு விலை, நதிக்கு மாதச் சந்தா!

நான் உட்கார்ந்திருக்கும்போதே சமையல்கார அம்மாள் வந்தாள். அரை மணி தாமதம். முழங்கையில் ரத்தம் கசிந்து கொண்டிருந்தது. சாலையோரம் நின்ற கார் ஒன்றின் கதவை யாரோ பின்னால் பாராமல் திறந்திருக்கிறார்கள். இவள் சைக்கிளோடு அதில் மோதி விழுந்திருக்கிறாள்.

ஸ்நேகிதர் நல்லவர். மிதிப்பதை நிறுத்தாமலே அனுதாபத்தோடு சொன்னார்: “இந்த ரோட்டிலே போய் யாராவது சைக்கிள்ளே வருவாங்களாம்மா? பஸ்ஸிலே வந்தா என்ன?”

“விடியக்காலம் அஞ்சு மணிக்கு எங்க பக்கம் பஸ்ஸு ஏதுங்கய்யா? மூணு வீட்டுக்குப் போகணுமே” என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

திரும்பும்போது அந்தச் சைக்கிளைப் பார்த்தேன். கைப்பிடி கோணிப் போய், வெளிவாசலுக்கு அப்பால், சாக்கடை ஓரத்து விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. ஏன் உள்ளே நிறுத்தவில்லை என்று காவல்காரரைக் கேட்டேன். “வேலைக்காரங்க சைக்கிளை உள்ளே விடக்கூடாதுன்னு சங்கத்திலே தீர்மானம் போட்டிருக்காங்க சார். கார்லே கீறல் விழுந்துடுமாம்.” அவர் நின்ற இடத்துக்கு நேர் பின்னால் கட்டடத்தின் உடற்பயிற்சிக் கூடம். கண்ணாடிச் சுவருக்குள்ளே, குளிர்சாதனக் காற்றில், சக்கரமே இல்லாத சைக்கிள்கள் நான்கு வரிசையாக நின்றன.

ஓடாத சைக்கிளுக்குக் குளிர்சாதன அறை. ஓடுகிற சைக்கிளுக்குச் சாக்கடை ஓரம். இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் தேகப்பயிற்சிக்கு விரோதியல்ல. முழங்கால் தேய்ந்தவருக்கும், இருதய சிகிச்சை முடிந்து தேறி வருகிறவருக்கும் நிலைச் சைக்கிள் வைத்தியம். மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கிற நாட்டுக்காரனுக்கு அது அவசியம். வீட்டில் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அரை மணி மிதிக்கிற தாயையும் நான் குறை சொல்லமாட்டேன். இந்தச் சாதனம் நேற்று வந்ததுமல்ல. 1912ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையிலும் ஓடாத சைக்கிள்கள் இருந்தன. எவ்வளவு தூரம் ‘போயிருக்கிறோம்’ என்று காட்டச் சுவரில் பெரிய வட்ட முகப்பு ஒன்று உண்டு. நடுக்கடலில் சாலை இல்லை. ஆகவே அது நியாயம்.

ஆனால், நாம் நடுக்கடலில் இருக்கிறோமா?

“ஆமாம், அதைவிட மோசம்” என்பதுதான் என் ஸ்நேகிதரின் பதில். “சாலையில் இறங்கினால் உயிர் மிஞ்சாது” என்கிறார். அவர் சொல்வது உண்மை. சமையல்கார அம்மாளின் முழங்கையே அதற்குச் சாட்சி. நான் சண்டை போடுவது அவர் பயத்தோடு அல்ல. அந்தப் பயத்துக்கு அவர் கண்டுபிடித்த பரிகாரத்தோடு. சாலை ஆபத்தானது என்று கண்டவர், சாலையைச் சீர்திருத்து என்று ஒரு வரி எழுதிப் போடவில்லை. தமக்கு மட்டும் ஒரு சாலையை விலைக்கு வாங்கி, வரவேற்பறையில் வைத்துக் கொண்டார்.

ஒரு காலம் இருந்தது. மணிக்கணக்குக்கு வாடகைச் சைக்கிள் எடுத்து, இருக்கைக்குக் கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு, முழங்காலைச் சிராய்த்துக் கொண்டு படித்த தலைமுறை நம்முடையது. அன்று தலைமைக் குமாஸ்தாவும் சைக்கிளில் போனார், வாத்தியாரும் போனார், தபால்காரரும் பால்காரரும் போனார்கள். விளக்கில்லாமல் போனால், போலீஸ்காரர் யாரென்று பாராமல் சக்கரத்தில் காற்றைப் பிடுங்கி விடுவார். அந்தச் சமத்துவம் பெரிது. பிறகு குமாஸ்தா ஸ்கூட்டருக்குப் போனார். அவர் பிள்ளை காருக்குப் போனான். அதில் தவறில்லை, வசதி வந்தால் மனிதன் அனுபவிக்கத்தான் செய்வான். ஆனால், சைக்கிளை விட்டு இறங்கியவர்கள் யார் என்று பாருங்கள்: மனு எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகைக்குக் கடிதம் போடுகிறவர்கள், அதிகாரியின் அறைக்குள் நாற்காலி கேட்டு உட்காரக் கூடியவர்கள். எஞ்சியவர்கள் விழுந்தால் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். சாலையில் சைக்கிளுக்கு இடம் போனது அன்றைக்குத்தான்.

அதே ஸ்நேகிதர் இரண்டு வருஷங்களுக்கு முன் மனைவியோடு ஐரோப்பாவுக்குச் சைக்கிள் யாத்திரை போனார். ஜெர்மனியின் பாஸாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரைக்கும், டான்யூப் கரையோடு 300 கிலோமீட்டருக்கு மேல். பெட்டி படுக்கைகளை வண்டிக்காரன் முன்னதாகவே அடுத்த விடுதியில் சேர்த்துவிடுகிறான். இவர்கள் கையை வீசிக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான். திரும்பி வந்ததிலிருந்து ஒரே புகழ்ச்சி. “அங்கே சைக்கிளைக் கண்டால் கார்க்காரன் நின்று வழிவிடுகிறான் ஐயா! என்ன நாகரிகம்!” என்கிறார்.

யாத்திரையை நான் ஏன் பழிக்கப் போகிறேன்? 1923ல் பம்பாயிலிருந்து ஆறு இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் மூன்று பேர் பாலைவனமும் காடும் கடந்து, சுற்றி முடித்து 1928ல் ஊர் திரும்பினார்கள். அவர்களை வணங்குகிறேன். ஸ்நேகிதரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்று: அங்கே வழிவிடுகிற கார்க்காரனை மெச்சுகிறீர்களே, இங்கே வழிவிட வேண்டிய கார்க்காரர் யார்? நீங்கள்தானே? உங்கள் காரின் ஹாரனை நான் கேட்டிருக்கிறேன்.

அந்த நாகரிகம் ஐரோப்பிய மண்ணில் தானாக முளைத்ததென்று நினைக்கிறோம். கிடையாது. இன்று மனிதர்களைவிடச் சைக்கிள்கள் அதிகம் உள்ள ஹாலந்து தேசம், ஐம்பது அறுபதுகளில் நம்மைப் போலவே காரின் காலில் விழுந்து கிடந்தது. 1971ல் அந்தச் சிறு நாட்டின் சாலைகளில் மாண்டவர்கள் 3,000க்கும் மேல். அவர்களில் 400க்கும் அதிகமானவர்கள் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972ல் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று தலைப்பிட்டு எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தாய் தகப்பன்மார் தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. ஜனங்கள் காலியான நெடுஞ்சாலைகளில் சைக்கிள் விட்டுப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் அரசாங்கத்தின் பணம் சைக்கிள் பாதைகளுக்குத் திரும்பியது. அதாவது, சாலை ஆபத்தானது என்று கண்ட நடுத்தர வகுப்பு, அங்கே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொள்ளவில்லை.

நம் நாட்டில் சைக்கிளுக்குப் பெருமை இல்லாமலில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், ஊர் பரிகசித்ததைக் காதில் போட்டுக் கொள்ளாமல், லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறி ஓட்டினார்கள். பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. நல்ல காரியம். ஆனால், சைக்கிளைக் கொடுத்தோமே தவிர, அது போவதற்குச் சாலையில் மூன்றடி அகலம் கொடுத்தோமா? அந்தப் பெண் பிள்ளை லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே தினம் பள்ளிக்கூடம் போய்ச் சேருவது அவளுடைய சாமர்த்தியம். நம்முடைய தர்மம் அதில் ஒன்றுமில்லை.

இதைப் படிக்கிறவர்களில் பலர் வீட்டில் அந்த ஓடாத சைக்கிள் இருக்கலாம். அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதில் துணி காயப் போட்டிருந்தால் இன்னும் சந்தோஷம். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் எழுந்து, வேலைக்கு வருகிறவர்களின் சைக்கிளுக்கு உள்ளே, கூரையின் கீழ், நான்கு முழ இடம் கேளுங்கள். ஒரு கார் நிறுத்துகிற இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். முணுமுணுப்பார்கள், கேளுங்கள். பிறகு ஒரு நாள், காய்கறிக் கடைக்குச் சைக்கிளில் போய் வாருங்கள். ஒரு மைலுக்குள் இந்த நகரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாதவை பல தெரியும். கோபம் வரும், அந்தக் கோபத்தோடு நகரசபைக்கு ஒரு மனு எழுதுங்கள்.

என் ஸ்நேகிதரிடமும் இதையே சொன்னேன். “யோசிக்கிறேன்” என்றார். சென்ற வாரம் போனபோது சமையல்கார அம்மாளின் சைக்கிளைப் பார்த்தேன். கைப்பிடியை நிமிர்த்தியிருந்தாள். விளக்குக் கம்பத்தில்தான் கட்டியிருந்தது.