அட்டையில் 60, வயலில் 71

"மண்வள அட்டையில் உள்ளபடிதான் உரம் போட்டேன். சம்பா ஏன் சாய்ந்தது?" என்று மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போட்ட கணக்கையும் சேர்த்து எழுதியது நல்லதாயிற்று.

அவரது அட்டையின் பரிந்துரை ஏக்கருக்குத் தழைச்சத்து 60, மணிச்சத்து 20, சாம்பல்சத்து 20 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதம். எனவே 60 கிலோவுக்கு 130 கிலோ யூரியா என்று கண்டு, 45 கிலோ மூட்டையாக மூன்று போட்டார். மணிச்சத்துக்கு டி.ஏ.பி. ஒரு மூட்டை. இங்கேதான் இடறியது. டி.ஏ.பி.யில் மணிச்சத்து 46 சதம் இருப்பதோடு தழைச்சத்தும் 18 சதம் உண்டு. யூரியாவில் 62, டி.ஏ.பி.யில் 9, ஆக 71 கிலோ. காற்றும் மழையும் சாய்த்திருக்கலாம்; ஆனால் தழைச்சத்து மிஞ்சிய பயிர் முதலில் சாயும். இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் அதைத்தான் தேடி வரும்.

கணக்கை மணிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும். 20 கிலோ மணிச்சத்துக்கு டி.ஏ.பி. 20 ÷ 0.46 = 43.5 கிலோ. அதிலேயே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. தேவையான யூரியாவை 'ய' என்று வைத்தால்,

0.46 × ய + 7.8 = 60
0.46 × ய = 52.2
ய = 113.5 கிலோ

அதாவது இரண்டரை மூட்டை. வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கொடுத்துப் பாருங்கள், பாடப் புத்தகத்தில் இதே கணக்கு வேறு வேடத்தில் இருக்கும்.

தழைச்சத்தை நான்காகப் பிரித்தால் தவணைக்கு 15 கிலோ. அடியுரத்தில் டி.ஏ.பி. 7.8 கிலோ தந்துவிடுவதால் யூரியா 16 கிலோ போதும். தூர்கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது தலா 32.5 கிலோ. பலர் அடியுரத்திலேயே ஒரு மூட்டையைக் கொட்டிவிடுகிறார்கள். விலை மலிவு என்பதால் கை தாராளமாகிறது. பொட்டாஷ் 33 கிலோவையும் இதே நான்கு தவணையில் பிரிக்கலாம்.

டி.ஏ.பி. கிடைக்காமல் 20:20:0:13 வாங்கியவர்களுக்கு அது 100 கிலோ வேண்டும். தழைச்சத்து 20 கிலோ அதிலேயே கிடைப்பதால் யூரியா 87 கிலோவோடு நிறுத்த வேண்டும்.