சிறை வாசலில் அறுபடும் சிகிச்சை

நீதிமன்றம் ஒருவனைச் சிறைக்கு அனுப்பும்போது அவன் இழப்பது நடமாடும் சுதந்திரத்தை மட்டுமே. அவனது உடல்நலத்தையும் சேர்த்துப் பறிக்குமாறு எந்த நீதவானும் தீர்ப்பெழுதுவதில்லை. ஐ.நா. பொதுச்சபை 2015இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 24ஆவது விதி இதனைத் தெளிவாகவே கூறுகிறது: வெளியே கிடைக்கும் அதே தரத்திலான மருத்துவம் கைதிக்கும் கிடைக்க வேண்டும்; எச்.ஐ.வி., காசநோய் முதலியவற்றுக்கான சிகிச்சை இடையறாது தொடர வேண்டும்.

எயிட்ஸ் தடுப்பில் இலங்கை பின்தங்கிய நாடன்று. முதல் தொற்று 1987இல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. அரச கிளினிக்குகளில் மருந்து இலவசம். நாள்தோறும் உட்கொண்டால் இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறையும். அந்நிலையில் உடலுறவின் வழி பிறருக்குத் தொற்றாது. இடையில் நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும்; மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

இனி மலையகத்துக்கு வருவோம். கசிப்பு வழக்கொன்றில் தண்டப்பணம் கட்ட வழியின்றிச் சிறை செல்லும் தோட்டத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். உள்ளே இரத்தப் பரிசோதனை நடக்கிறது, தொற்று தெரிகிறது, மருந்தும் தொடங்குகிறது என்றே வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் விடுதலையாகித் தோட்டத்துக்குத் திரும்பும் அவர், நகரத்துக் கிளினிக்குக்குப் போகும் நாளில் அன்றைய ‘பேர்’ விழாது. பேருந்துச் செலவு வேறு. லயன் அறைகளிலோ ஒரு வீட்டு இருமல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். மாத்திரைப் போத்தலை எங்கே ஒளித்துவைப்பது? சிகிச்சை அறுபடும் இடம் இதுவே.

சிறைக்குள்ளும் தடைகள் உண்டு. ஆணுறை வழங்குவதென்றால் உடனே குறுக்கே நிற்பது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். இவற்றைத் திருத்துவது அரசியலமைப்புக்கு முரணன்று என உயர் நீதிமன்றம் 2023இல் தெரிவித்துவிட்டது. கொள்ளளவை மீறி நிரம்பி வழியும் சிறைகளில் பாலுறவே நிகழ்வதில்லை எனப் பாவனை செய்வதால் கிருமி ஏமாறிவிடாது.

“எல்லாக் கைதிகளையும் கட்டாயமாகச் சோதித்துத் தொற்றுள்ளோரைத் தனியே அடைத்தால் என்ன?” என்று கேட்போர் உளர். உலக சுகாதார நிறுவனம் 1993இலேயே இதனை நிராகரித்தது. தனிக்கூடம் என்பது நெற்றியில் ஒட்டிய முகவரி. அதற்கு அஞ்சுவோர் பரிசோதனையையே தவிர்ப்பர்.

வேண்டுவன பெரிய செலவுடையவை அல்ல. விருப்பத்தின் பேரில், இரகசியம் காக்கும் பரிசோதனை, ஆணுறை, விடுதலையாகும் நாளில் கையில் ஒரு மாத மருந்து, அவர் தேர்ந்தெடுக்கும் கிளினிக்குக்கு முத்திரையிட்ட ஒரு கடிதம். அக்கடிதம் தோட்ட நிர்வாகத்தின் கையை எட்டவே கூடாது. நுவரெலியாவில் தன்னை எல்லோரும் அறிவர் என அஞ்சுபவர் கண்டிக்குச் செல்லட்டும்.

சிறை சென்றவர் என்றோ ஒருநாள் வீடு திரும்புகிறார். அங்கே மனைவி இருக்கிறாள். கைதியின் மருத்துவத்துக்காக வாதிடுவது அவளுக்காகவும் வாதிடுவதே.